ஒரு நிரலகம், இரண்டு பொதிகள்: எஸ்ஓ கோப்பு எங்கே போகவேண்டும், ஏன்

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் யூட்டில்-லினக்ஸ் என்ற ஒரே மூலநிரல் தொகுப்பைக் கட்டினால் மவுன்ட், எஃப்டிஸ்க் போன்ற கருவிகள் மட்டும் வருவதில்லை. லிப்மவுன்ட்1, லிப்பிளாக்ஐடி1, லிப்ஸ்மார்ட்கால்ஸ்1, லிப்எஃப்டிஸ்க்1, லிப்யூயூஐடி1 என்று நிரலகங்களின், அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளின், பொதிகளும் கூடவே வருகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் 'டெவ்' என்று முடியும் இன்னொரு பொதியும் உண்டு. பொதி கட்டப் பழகுபவர்கள் பலரும் இது வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்று எண்ணுகிறார்கள். இடமும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் பிரித்து வைப்பதற்குக் காரணம் அதுவல்ல. கட்டி முடித்த நிரலும் நிரலகமும் ஒன்றோடொன்று பேசும் முறைக்குப் பைனரி இடைமுகம் என்று பெயர். ஒரே நிரலகத்தின் பழைய பைனரி இடைமுகமும் புதிய பைனரி இடைமுகமும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் நிறுவப்பட்டிருக்க முடியவேண்டும். எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குப் போகவேண்டும் என்ற விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் கையேட்டைப் புரட்டாமலே பாதி முடிவுகளை எடுத்துவிடலாம்.

விளக்கத்துக்காக 'வட்டு' என்று ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் மூலத்திலிருந்து வட்டு என்ற கட்டளையும் லிப்வட்டு என்ற பகிர்வு நிரலகமும் உருவாகின்றன. நிறுவி முடித்ததும் நிரலகம் மூன்று பெயர்களில் தெரியும். லிப்வட்டு.எஸ்ஓ.2.1.0 என்பது உண்மையான கோப்பு. லிப்வட்டு.எஸ்ஓ.2 அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைக் காட்டும் குறுக்குப் பெயர். எண்ணே இல்லாத லிப்வட்டு.எஸ்ஓ இன்னொரு சிம்லிங்க்.

இந்த மூன்றையும் தேடுபவர்கள் வேறுவேறு. நிரலைக் கட்டும்போது, துண்டுகளை இணைக்கும் லிங்கர் எண்ணில்லாத பெயரைத்தான் தேடுகிறது. அது சுட்டும் கோப்பைத் திறந்து, உள்ளே எழுதப்பட்டிருக்கும் சோநேம் (நிரலகம் தனக்கென்று அறிவிக்கும், எண்ணோடு கூடிய பெயர்) என்ன என்று பார்க்கிறது. அங்கே 'லிப்வட்டு.எஸ்ஓ.2' என்று இருந்தால், கட்டப்படும் நிரலின் 'நீடட்' (தேவையான நிரலகங்கள்) பட்டியலில் அந்தப் பெயரையே எழுதிவைக்கிறது. பிறகு நிரல் ஓடும்போது, நிரலகங்களை நினைவகத்தில் ஏற்றும் டைனமிக் லோடர் லிப்வட்டு.எஸ்ஓ.2 என்ற பெயரை மட்டுமே தேடும். எண்ணில்லாத பெயர் நிரலைக் கட்டுபவனுக்குத்தான் வேண்டும். ஓட்டுபவனுக்கு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆக, உண்மைக் கோப்பும் சோநேம் சிம்லிங்க்கும் ஓட்டப் பொதிக்கு, அதாவது நிரலை ஓட்ட மட்டும் தேவையான பொதிக்குச் செல்லும். எண்ணில்லாத சிம்லிங்க், ஹெடர் கோப்புகள், ஏ என்று முடியும் நிலை நிரலகம் (கட்டும்போதே நிரலுக்குள் சேர்ந்துவிடுவது), பிசி என்று முடியும் பிகேஜி-கான்ஃபிக் கோப்பு (நிரலகத்தோடு கட்டத் தேவையான கொடிகளைச் சொல்வது), 3-ஆம் பிரிவுக் கையேட்டுப் பக்கங்கள் எல்லாம் டெவ் பொதிக்குச் செல்லும். எண்ணில்லாத சிம்லிங்க்கைத் தவறி ஓட்டப் பொதியில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? லிப்வட்டு2, லிப்வட்டு3 என்ற இரண்டு பொதிகளும் ஒரே பாதையில் ஒரே பெயருள்ள கோப்பை வைக்கப் பார்க்கும். இரண்டாவதை நிறுவும்போது டெபியனின் பொதி நிறுவியான டிபிகேஜி, இந்தக் கோப்பு ஏற்கெனவே இன்னொரு பொதியில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும்.

சோநேம் சிம்லிங்க்கை, நிரலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கருவி தானாகவே உருவாக்கிக்கொள்ளுமே, பொதியில் எதற்கு வைக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. உருவாக்கும்தான். ஆனால் பொதியை விரிப்பதற்கும் எல்டிகான்ஃபிக் ஓடுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஓடவேண்டிய நிரல்கள் நிரலகத்தைக் காணாமல் விழும். அதோடு பொதியில் இல்லாத கோப்பைப் பொதி நிர்வாகிக்குத் தெரியாது. பொதியை நீக்கும்போது அதை அழிக்கவும் செய்யாது.

சிம்லிங்க்கில் கவனமாக இருப்பவர்கள்கூட வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்புக் கோப்பு, இடிசி-யில் வைக்கும் அமைப்புக் கோப்பு, யூடெவ் விதி, ஷேர் டைரக்டரியில் வைக்கும் தரவு என்று பெயரில் பதிப்பு எண் இல்லாத எதுவும் ஓட்டப் பொதிக்குள் வரக்கூடாது. லிப்வட்டு2-இல் வட்டு.கான்ஃப் இருந்து, லிப்வட்டு3-இலும் அதே பாதையில் அதே பெயரில் இருந்தால் மேலே சொன்ன மோதல் அப்படியே நடக்கும். இவற்றைக் கருவிப் பொதியிலோ, 'காமன்' என்று முடியும் தனிப் பொதியிலோ வைப்பதுதான் வழக்கம். நிரலகத்துக்கு உதவும் சிறு நிரல்கள் இருந்தால் அவற்றுக்கும் இதே விதி.

பெயரில் இருக்கும் எண்

டெபியன் வழக்கப்படி ஓட்டப் பொதியின் பெயர் சோநேமிலிருந்து வருகிறது. லிப்யூடெவ்.எஸ்ஓ.1 என்றால் லிப்யூடெவ்1. லிப்சி.எஸ்ஓ.6 என்றால் லிப்சி6. நிரலகப் பெயரே இலக்கத்தில் முடிந்தால் நடுவில் ஒரு சிறுகோடு வரும். பிஎஸ், டாப் முதலிய கருவிகளின் மூலமான ப்ராக்பிஎஸ்-இல் இருக்கும் லிப்ப்ராக்2.எஸ்ஓ.0 அப்படித்தான் லிப்ப்ராக்2-0 ஆகிறது. சிறுகோட்டை விட்டுவிட்டால் அது லிப்ப்ராக் என்ற நிரலகத்தின் 20-ஆம் சோநேமா, லிப்ப்ராக்2-இன் 0-ஆம் சோநேமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபெடோரா என்ற விநியோகம் வேறு வழியில் போகிறது. அங்கே பொதிப் பெயரில் சோநேம் எண் இராது. கட்டி முடித்ததும் அதன் பொதிக் கருவியான ஆர்பிஎம் தானாகவே நிரலகக் கோப்பைத் திறந்து பார்த்து, 'லிப்வட்டு.எஸ்ஓ.2-ஐ 64 பிட்டில் தருகிறேன்' என்ற அறிவிப்பைப் பொதியில் பதித்துவிடும். பயன்படுத்தும் நிரலின் பொதியில் அதற்கு ஈடான தேவையும் பதியும். சோநேம் மாறும்போது அதைச் சார்ந்த எல்லாப் பொதிகளையும் ஒரு தனித்தளத்தில் ஒன்றாக மறுகட்டுமானம் செய்து, ஒன்றாகவே வெளியிடுகிறார்கள். பழையது தவிர்க்கவே முடியாது என்றால்தான் தனி ஒத்திசைவுப் பொதி, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-க்கு அப்படி ஒன்று இருந்தது. ஆர்பிஎம்-ஐயே பயன்படுத்தினாலும் ஓப்பன்சூசே டெபியனைப் போல எண்ணோடு பெயர் வைக்கிறது: இசட்லிப்-இன் ஓட்டப் பொதி அங்கே லிப்இசட்1. ஆர்ச்சில் ஹெடரும் நிரலகமும் பெரும்பாலும் ஒரே பொதிதான். எப்போதும் புதிய பதிப்பிலேயே வாழும் ஒரு விநியோகத்துக்கு அது போதும். பல ஆண்டு ஆதரவு தரவேண்டிய விநியோகத்துக்கும், பதிப்பு விட்டுப் பதிப்பு தாவும் பயனர்களுக்கும் அது போதாது என்பது என் கணிப்பு.

சோநேம் எண்ணும் வெளியீட்டு எண்ணும் ஒன்றல்ல. மேலிடத்து நிரலாளர்களிடம், அதாவது மூலநிரலை எழுதி வெளியிடுபவர்களிடம், அடிக்கடி காணும் குழப்பம் இது. நிரலகம் கட்ட உதவும் லிப்டூலைப் பயன்படுத்தும் திட்டங்களில் 'கரன்ட், ரிவிஷன், ஏஜ்' என்று மூன்று எண்களைத் தரவேண்டும். லினக்ஸில் சோநேம் எண் என்பது கரன்ட்டிலிருந்து ஏஜைக் கழித்தால் வருவது. உள்நிரல் மட்டும் மாறினால் ரிவிஷனில் ஒன்று கூட்டவேண்டும். இடைமுகத்தில் எது மாறினாலும் கரன்ட்டில் ஒன்று கூட்டி ரிவிஷனை 0 ஆக்கவேண்டும். சேர்க்கை மட்டும் நடந்திருந்தால் ஏஜிலும் ஒன்று கூட்டவேண்டும். எதையாவது நீக்கியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ ஏஜை 0 ஆக்கவேண்டும். 3:0:0 என்று இருந்த நிரலகத்தில் ஒரு செயற்கூறு கூடினால் 4:0:1. சோநேம் 3 தான், கோப்பு லிப்வட்டு.எஸ்ஓ.3.1.0 ஆகும். அடுத்து ஒரு செயற்கூறை நீக்கினால் 5:0:0. சோநேம் ஒரேயடியாக 3-இலிருந்து 5-க்குத் தாவும். இதில் பிழை ஏதுமில்லை. வெளியீடு 2.1 என்பதால் 2:1:0 என்று எழுதுவதுதான் பிழை.

மற்ற கட்டுமானக் கருவிகளான சிமேக்கில் எஸ்ஓவெர்ஷன், மேசானில் சோவெர்ஷன் என்று நேராகவே எண்ணைத் தரலாம். தராவிட்டால் எண்ணே இல்லாத ஒரு கோப்பு கிடைக்கும். அதை அப்படியே பொதுப் பாதையில் வைத்துப் பொதியாக்கினால் அடுத்த மாற்றத்தில் எல்லாம் உடையும். பொதியாக்குபவர் தாமே ஓர் எண்ணைச் சூட்டினால், அந்த விநியோகத்தில் கட்டிய பைனரி வேறெங்கும் ஓடாது. வெளியில் கட்டியது இங்கே ஓடாது. மேலிடத்தில் பேசி எண் வாங்குவதே நல்லது. அதுவரை நிரலகத்தைக் கருவியின் தனி டைரக்டரிக்குள் வைத்து, டெவ் பொதி தராமலே இருக்கலாம்.

பைனரி இடைமுகம் எப்போது உடைகிறது

செயற்கூறு ஒன்று காணாமல் போனால் கண்டுபிடிப்பது எளிது. பழைய நிரல் 'வரையறுக்கப்படாத சிம்பல்' என்று பிழை காட்டும்; சிம்பல் என்பது நிரலகம் வெளியே காட்டும் செயற்கூறின் பெயர். அதுகூட எப்போது காட்டும் என்பது நிரலைக் கட்டிய விதத்தைப் பொறுத்தது. சிம்பல்களைச் சோம்பலாகப் பிணைக்கும் நிரல் அந்தச் செயற்கூறை அழைக்கும் கணத்தில்தான் விழும். உடனடிப் பிணைப்போடு கட்டியது தொடக்கத்திலேயே விழும். வட்டைப் பிரிக்கும் கருவிக்குப் பாதி வேலையில் விழுவதைவிடத் தொடங்காமல் நிற்பது எவ்வளவோ மேல்.

சத்தமில்லாமல் உடைவதுதான் ஆபத்து. ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்ட் வெளிப்படையாக இருக்கிறது, அதற்கான நினைவகத்தை அழைக்கும் நிரலே ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரலகத்தின் புதிய பதிப்பில் கடைசியில் ஒரு புலம் கூடியிருக்கிறது. பழைய நிரல் 48 பைட்டு ஒதுக்கும். புதிய நிரலகம் 56 பைட்டு எழுதும். பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று அழியும். சிம்பல் பட்டியலில் ஒரு மாற்றமும் தெரியாது. ஈனமின் நடுவில் புது மதிப்பைச் செருகுவது, அளவுருவின் வகையை மாற்றுவது, சி பிளஸ் பிளஸ் வகுப்பில் புது விர்ச்சுவல் செயற்கூறு சேர்ப்பது எல்லாம் இதே இனம். விர்ச்சுவல் செயற்கூறு சேர்ந்தால் அட்டவணையின் வரிசை நகர்ந்து, ஒன்றை அழைத்தால் வேறொன்று ஓடும்.

ஆகவே சிம்பல் பட்டியலை என்எம் கருவியால் ஒப்பிட்டுப் பார்த்து நின்றுவிடக் கூடாது. லிப்அபிகெய்ல் திட்டத்தின் அபிடிஃப், பிழைத்திருத்தத் தகவலைப் படித்து ஸ்ட்ரக்ட் அளவு, புலங்களின் இடம், அளவுரு வகை வரை ஒப்பிடும். இரண்டு பதிப்பின் பொதிகளையே நேராகக் கொடுத்து ஒப்பிட அபிபிகேஜிடிஃப் இருக்கிறது. பிழைத்திருத்தப் பொதியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விடை முழுமையாக வரும்.

நிரலகத்தின் மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே பைனரி இடைமுகம் மாறுவதும் உண்டு. 2015-இல் ஜிசிசி 5 கம்பைலர் தன் சி பிளஸ் பிளஸ் தரநிலை நிரலகத்தில் சரம், பட்டியல் வகைகளின் அமைப்பை மாற்றியது. டெபியன் அப்போது பல சி பிளஸ் பிளஸ் நிரலகப் பொதிகளின் பெயரில் 'வி5' என்று ஒட்டியது. இன்னும் பெரியது 2024-இல் நடந்தது. 32 பிட் நேர வகை 2038 ஜனவரி 19-ஆம் நாள் நிரம்பி வழியும் என்பதால், டெபியனில் ஐ386 தவிர மற்ற 32 பிட் தளங்களில் அந்த வகை 64 பிட்டுக்கு மாறியது. நேர வகையை இடைமுகத்தில் காட்டும் நிரலகங்கள் அனைத்தும் உடைந்தன. அவற்றின் பொதிப் பெயர்களில் 'டி64' ஒட்டப்பட்டது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. உள்ளே சோநேம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 ஆகவே நீடிக்கிறது. எனவே இந்த இரண்டு பொதிகளும் ஒன்றாக இருக்க முடியாது. புதியது பழையதை வெளியேற்றியே தீரும். சோநேம் லோடருக்குச் சொல்லும் உறுதி, பொதிப் பெயர் பொதி நிர்வாகிக்குச் சொல்லும் உறுதி. வழக்கமாக இரண்டும் சேர்ந்தே நகரும். சேராத இடங்களில் விநியோகம் பெயரை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறது.

சார்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது

ஒரு நிரலின் பொதி எந்த நிரலகப் பொதியைச் சார்ந்தது என்பதைக் கையால் எழுதக்கூடாது. டெபியனில் டிபிகேஜி-எஸ்ஹெச்லிப்டெப்ஸ் நிரலின் நீடட் பட்டியலைப் படித்து, அந்த நிரலகப் பொதி தந்திருக்கும் 'ஷ்லிப்ஸ்' அல்லது 'சிம்பல்ஸ்' கோப்பைப் பார்த்துச் சார்பை எழுதுகிறது. ஷ்லிப்ஸ் கோப்பில் நிரலகம் முழுமைக்கும் ஒரே குறைந்தபட்சப் பதிப்பு. சிம்பல்ஸ் கோப்பில் ஒவ்வொரு சிம்பலுக்கும் எந்தப் பதிப்பில் அது முதலில் வந்தது என்ற குறிப்பு.

வட்டு_திற என்ற செயற்கூறு 2.0-இல் வந்தது, வட்டு_அழி 2.3-இல் வந்தது என்போம். முதலாவதை மட்டும் அழைக்கும் நிரலுக்கு 2.0 போதும் என்று சிம்பல்ஸ் கோப்பு கணக்கிடும். இரண்டையும் அழைத்தால் 2.3 தேவை. ஷ்லிப்ஸ் மட்டும் இருந்து, 2.3 வெளியானபோது அதிலுள்ள பதிப்பை உயர்த்த மறந்திருந்தால், வட்டு_அழியை அழைக்கும் நிரல் 2.0 இருக்கும் கணினியிலும் நிறுவப்படும். நிறுவுவதில் ஒரு தடையும் இராது, ஓடும்போது விழும்.

சிம்பல்ஸ் கோப்பில் '2.3-1' என்று டெபியன் திருத்த எண்ணோடு எழுதுவது ஒரு பழைய தவறு. பின்பதிப்பாக, அதாவது பழைய வெளியீட்டுக்காகப் புதியதைக் கட்டும்போது பதிப்பு '2.3-1~பிபிஓ' என்று வரும். டில்டே குறி இருப்பதால் அது 2.3-1-ஐவிடச் சிறியது. சிம்பல் உள்ளே இருந்தும் சார்பு நிறைவேறாது. வெறும் 2.3 என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. சி பிளஸ் பிளஸ் நிரலகங்களுக்குச் சிம்பல்ஸ் கோப்பைப் பராமரிப்பது பெரும்பாடு. டெம்ப்ளேட்டுகளிலிருந்து பிறக்கும் சிம்பல்கள் கம்பைலருக்கும் தளத்துக்கும் ஏற்ப மாறும். அங்கே ஷ்லிப்ஸ் கோப்பை ஒழுங்காக வைத்திருப்பதே மேல் என்பேன்.

ஆர்பிஎம் சோநேமையும், சிம்பல் பதிப்புகள் இருந்தால் அவற்றையும் பார்க்கும். சிம்பல் பதிப்பு இல்லாத நிரலகத்தில், சோநேம் மாறாமல் புதிதாகக் கூடிய செயற்கூறைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. லிங்கருக்கு ஒரு பதிப்பு வரைபடக் கோப்பைக் கொடுத்து, 2.3-இல் வந்தவற்றுக்கு வட்டு_2.3 என்று முத்திரையிட்டால் அந்தத் தகவல் சார்பிலும் வந்துவிடும். லினக்ஸின் அடிப்படைச் சி நிரலகமான ஜிலிப்சி இதைத்தான் செய்கிறது. புதிய கணினியில் கட்டிய பைனரியைப் பழையதில் ஓட்டினால் 'ஜிலிப்சி_2.34 காணவில்லை' என்ற பிழை வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் த்ரெட் நிரலகம் லிப்சி-க்குள்ளேயே இணைந்தது. நிரலைத் தொடக்கி வைக்கும் செயற்கூறுக்கும் புதிய முத்திரை விழுந்தது. ஒன்றுமே செய்யாத வெற்று மெயினைக் கட்டினாலும் அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளும்.

டிஎல்ஓப்பன் வழியாக ஓடும்போது திறக்கும் நிரலகங்களை மேற்சொன்ன எந்தக் கருவியும் தானாகப் பிடிக்காது. அவை நீடட் பட்டியலில் இல்லை. 2024 மார்ச்சில் அமுக்கக் கருவியான எக்ஸ்இசட்-இன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தானாக எக்ஸ்இசட்-இன் நிரலகமான லிப்எல்இசட்எம்ஏ-வைப் பயன்படுத்துவதே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. சில விநியோகங்கள் ஒட்டிய திருத்தம் எஸ்எஸ்ஹெச்டி-க்குள் லிப்சிஸ்டம்டி-யை இழுத்தது; அது லிப்எல்இசட்எம்ஏ-வை இழுத்தது. அதே ஆண்டு வந்த சிஸ்டம்டி 256-இல் லிப்சிஸ்டம்டி அமுக்க நிரலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் திறக்கிறது. எவற்றைத் திறக்கக்கூடும் என்பதை எல்ஃப் (லினக்ஸின் பைனரி வடிவம்) கோப்புக்குள் ஒரு குறிப்பாகவும் எழுதிவைக்கிறது. பாதுகாப்புக்கு நல்ல மாற்றம்தான். பொதியாக்குபவருக்கு வேலை கூடிவிட்டது. அந்தக் குறிப்பைப் படிக்கும் கருவி இல்லாத இடத்தில் சார்பையோ பரிந்துரையையோ கையால்தான் எழுதவேண்டும். கணினி தொடங்கும்போது பயன்படும் தற்காலிகக் கோப்புத்தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-ஐக் கட்டும் ஸ்கிரிப்ட், சார்பு நிரலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி-யை நம்பி நிரலகங்களை நகலெடுத்தால், டிஎல்ஓப்பன் நிரலகம் உள்ளே வராமலே போகும்.

டெவ் பொதியின் உள்ளே

டெவ் பொதி தன் ஓட்டப் பொதியைச் சரியாக அதே பதிப்பில் சார்ந்திருக்கவேண்டும்; 'இதற்கு மேல்' என்று தளர்த்தக் கூடாது. எண்ணில்லாத சிம்லிங்க் லிப்வட்டு.எஸ்ஓ.2.1.0-ஐச் சுட்டுகிறது, ஓட்டப் பொதி மட்டும் 2.1.1-க்கு உயர்ந்துவிட்டது என்றால் சிம்லிங்க் அந்தரத்தில் நிற்கும். லிங்கர் பிழை காட்டி நின்றால் பரவாயில்லை. பக்கத்திலேயே நிலை நிரலகம் இருந்தால் அது சத்தமில்லாமல் அதை எடுத்துப் பிணைத்துவிடும். நிரல் ஓடும். ஆனால் நிரலகத்துக்கு நாளை வரும் பாதுகாப்புத் திருத்தம் அந்த நிரலைப் போய்ச் சேராது.

டெவ் பொதியின் பெயரில் எண் வேண்டாம். லிப்வட்டு-டெவ் என்றே இருந்தால், சோநேம் மாறும்போது அதைச் சார்ந்த மூலப் பொதிகள் எதையும் திருத்தாமல் மறுபடி கட்டினால் போதும். மூலநிரல் இடைமுகமே முற்றிலும் மாறி இரண்டு தலைமுறைகளும் சில ஆண்டுகள் சேர்ந்து வாழவேண்டும் என்றால் மட்டும், ஜிடிகே 3, ஜிடிகே 4 போலத் தனித்தனி டெவ் பொதிகளும் தனித்தனி ஹெடர் டைரக்டரிகளும் தேவை.

பிசி கோப்பில் மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது பாதை: கட்டுமான டைரக்டரியோ யூஎஸ்ஆர்-லோக்கலோ எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டாவது 'லிப்ஸ்' வரி. நிரலகம் தனக்குள் பயன்படுத்தும் மற்ற நிரலகங்கள் இங்கே வந்துவிட்டால், லிப்வட்டுவைத் தொடும் ஒவ்வொரு நிரலின் நீடட் பட்டியலிலும் அவை ஏறிக்கொள்ளும். அவற்றில் ஒன்றின் சோநேம் மாறினால், அதை நேரில் அழைக்காத நிரல்களையும் மறுபடி கட்டவேண்டி வரும். அவை இருக்கவேண்டிய இடம் 'லிப்ஸ்.பிரைவேட்'. மூன்றாவது 'ரெக்வயர்ஸ்.பிரைவேட்'. பிரைவேட் என்ற பெயரை நம்பி அதிலுள்ளவற்றின் டெவ் பொதிகளைச் சார்பில் விட்டுவிடுவார்கள். கம்பைலர் கொடிகளைக் கேட்கும்போதே பிகேஜி-கான்ஃபிக் அந்தப் பட்டியலையும் தேடும். ஒரு பிசி கோப்பு இல்லாவிட்டாலும் பிழையோடு நிற்கும். வட்டு.ஹெச் வேறொரு நிரலகத்தின் ஹெடரை உள்ளிழுத்தாலும் அதன் டெவ் பொதி சார்பில் இருந்தே ஆகவேண்டும்.

லிப்டூல் உருவாக்கும் எல்ஏ கோப்புகளைப் பெரும்பாலும் எறிந்துவிடலாம். நிலை நிரலகத்தை ஃபெடோரா பொதுவாக அனுமதிப்பதில்லை; காரணம் இருந்தால் 'ஸ்டாட்டிக்' என்ற தனித் துணைப்பொதி. அதைத் தந்தால், மெலிவாக்கும்போது (ஸ்ட்ரிப் செய்யும்போது) பிழைத்திருத்தத் தகவலை மட்டும் நீக்கவேண்டும். எல்லாச் சிம்பல்களையும் நீக்கினால் லிங்கருக்கு எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஜிலிப்சி-யோடு முழுமையாக நிலையாகக் கட்டிய கருவி பயனர் பெயரைத் தேட முயன்றால், கட்டியபோது இருந்த அதே ஜிலிப்சி-யின் பகிர்வுக் கோப்புகள் ஓடும் இடத்திலும் தேவைப்படும். மீட்பு வட்டுக் கருவிகளில் இது அடிக்கடி கடிக்கும்.

இடையில் ஒரு சின்னத் தகவல்: ஜிலிப்சி-யின் டெவ் பொதியில் இருக்கும் லிப்சி.எஸ்ஓ சிம்லிங்க்கே அல்ல. அது சில வரிகள் கொண்ட எழுத்துக் கோப்பு. எந்தெந்த நிரலகங்களை எடுக்கவேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் ஸ்கிரிப்ட். எஸ்ஓ என்று முடியும் எல்லாவற்றையும் எல்ஃப் என்று நம்பி மெலிவாக்கப் போகும் சொந்த ஸ்கிரிப்ட்கள் இங்கே தடுக்கி விழும்.

அனுமதி விஷயத்தில் இரு முகாம்களும் வேறுபடுகின்றன. டெபியனில் நிரலகத்துக்கு இயக்க அனுமதி கிடையாது, 0644. ஆர்பிஎம் உலகில் 0755 வேண்டும். இல்லாவிட்டால் சார்பைக் கணக்கிடும் ஸ்கிரிப்ட்டும் பிழைத்திருத்தத் தகவலைப் பிரிக்கும் ஸ்கிரிப்ட்டும் அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும்.

ஆர்பாத் என்ற தேடுபாதை பைனரிக்குள் தங்கிவிட்டதா என்று கட்டியபின் கட்டாயம் பார்க்கவேண்டும். யாரும் எழுதக்கூடிய டிஎம்பி-க்குக் கீழே இருந்த கட்டுமான டைரக்டரி அதில் பதிந்திருந்தால், வேறொருவர் அதே பாதையில் போலி நிரலகத்தை வைத்து ரூட் அனுமதியோடு ஓடும் கருவியைக் கைப்பற்றலாம். சிஹெச்ஆர்பாத் அல்லது பேட்ச்எல்ஃப் கொண்டு நீக்கிவிடலாம்.

சோநேம் மாறும் நாள்

கோப்புப் பட்டியலில் 'லிப்வட்டு.எஸ்ஓ.' என்று எழுதி அப்புறம் நட்சத்திரக் குறி போட்டுவைப்பது பலருக்கும் பழக்கம். மேலிடத்தில் சோநேம் 2-இலிருந்து 3-க்கு மாறிய நாளில், லிப்வட்டு2 என்ற பொதிக்குள் லிப்வட்டு.எஸ்ஓ.3 எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போய் உட்காரும். பயனர் வழக்கம்போல் மேம்படுத்துவார், லிப்வட்டு.எஸ்ஓ.2 மறையும், அதைச் சார்ந்த எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் நிற்கும். 'லிப்வட்டு.எஸ்ஓ.2' வரை எழுதி, அதன்பின் நட்சத்திரம் போட்டால் கட்டுமானமே தோற்று நின்றுவிடும். தோற்கட்டும், அதற்குத்தான் அப்படி எழுதுகிறோம். ஃபெடோரா விதிகளும் சோநேம் எண்ணை நட்சத்திரத்தால் மூடவேண்டாம் என்றே சொல்கின்றன.

மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்யும்போது டெபியனில் கன்ட்ரோல் கோப்பில் பொதிப் பெயர், நிறுவல் பட்டியலின் பெயர், சிம்பல்ஸ் கோப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து மாறவேண்டும். முதலில் எக்ஸ்பெரிமென்டல் என்ற சோதனைக் கிளைக்கு அனுப்பி, சார்ந்த பொதிகளையெல்லாம் புதியதோடு கட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நிலையற்ற கிளைக்கு வருவார்கள். இடைப்பட்ட நாட்களில் 2-ம் 3-ம் சேர்ந்தே வாழும்.

இரண்டும் ஒன்றாக நிறுவப்படலாம் என்பதால் ஒரே நிரலுக்குள் ஒன்றாக ஏற்றப்படலாம் என்று ஆகிவிடாது. ஒரு கருவி லிப்வட்டு3-ஐ நேராகப் பயன்படுத்துகிறது. அதே கருவி பயன்படுத்தும் வேறொரு நிரலகம் இன்னும் லிப்வட்டு2-ஐச் சார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே நினைவகத்தில் ஏறும். சிம்பல்களுக்குப் பதிப்பு முத்திரை இல்லையென்றால், முதலில் ஏறியதன் வட்டு_திறதான் இருவருக்கும் கிடைக்கும். பழைய ஸ்ட்ரக்ட்டைப் புதிய செயற்கூறு தொடும். அதன்பின் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் சார்ந்திருக்கும் நிரலகத்தில் பதிப்பு வரைபடம் இருந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

இயங்குதளக் கருவிகளுக்கு இன்னொரு கெடுபிடியும் உண்டு. டெபியனில் 'எசென்ஷியல்' என்று குறிக்கப்பட்ட பொதிகள், விரிக்கப்பட்டு இன்னும் அமைக்கப்படாத நிலையிலும் வேலை செய்யவேண்டும். எனவே அவற்றின் நிரலகங்கள் சாதாரணச் சார்பாக இல்லாமல் முன்சார்பாக, அதாவது முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கவேண்டிய சார்பாக வருகின்றன. ஒரு நிரலகக் கோப்பு ஒரு பொதியிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது சிக்கல் முற்றும். லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1 முன்பு லிப்சி6 பொதிக்குள் இருந்தது. டெபியன் 11-இல் லிப்கிரிப்ட்1 என்ற தனிப் பொதியில் இருக்கிறது. மேம்படுத்தும்போது புதிய லிப்சி6 முதலில் விரிந்து, லிப்கிரிப்ட்1 இன்னும் வராமல் இருந்தால், நடுவில் அந்தக் கோப்பு எங்குமே இராது. பெர்லுக்கு அது தேவை. நிறுவல் ஸ்கிரிப்ட்கள் பல பெர்லில் எழுதப்பட்டவை. மேம்படுத்தல் பாதியில் நின்றுவிடும். பொதிக் கோப்பைக் கையால் பிரித்து நிரலகத்தை அதன் இடத்தில் வைத்தபிறகே மேலே போக முடியும்.

இப்படி நகர்த்தும்போது புதிய பொதியில் 'பிரேக்ஸ்' (பழையதோடு சேராது), 'ரீப்ளேசஸ்' (அதன் கோப்பை மாற்றலாம்) இரண்டையும் பழைய பொதியின் பதிப்பு எல்லையோடு எழுதவேண்டும். கோப்பின் பாதையையும் அதே பதிப்பில் /லிப்-இலிருந்து /யூஎஸ்ஆர்/லிப்-க்கு மாற்றவே கூடாது. இரண்டு பாதைகளும் சிம்லிங்க் வழியாக ஒரே இடத்தைச் சுட்டுவது டிபிகேஜி-க்குத் தெரியாது. பழைய பொதியின் கோப்பை நீக்குவதாக நினைத்து, புதியது இப்போதுதான் வைத்த கோப்பை அழித்துவிடும். சோதனையும் வெறும் புதிய நிறுவலோடு முடியக்கூடாது. விநியோகத்தின் முந்தைய நிலையான வெளியீட்டை ஒரு சிஹெச்ரூட்டில் (தனித்து வைத்த சோதனை அமைப்பில்) நிறுவி, அங்கிருந்து மேம்படுத்திப் பார்க்கவேண்டும். பொதிகள் விரியும் வரிசையை மாற்றி இன்னொரு முறையும் பார்க்கவேண்டும். வரிசை மாறும்போது மட்டும் வெளிப்படும் பிழைகள் முதல் ஓட்டத்தில் ஒருபோதும் தலைகாட்டுவதில்லை.